சீலன் சுவரில் இருக்கிறான்

ஜெயசீலனின் முதுகில் இருந்த படை, அவன் வீட்டு மேற்குச் சுவருக்கு இடம் மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில். தாராவியில் தண்ணீர் வரும் நேரத்தில் யாரும் யார் முதுகையும் பார்ப்பதில்லை. சுவரைப் பார்ப்பது சுத்தமாகக் கிடையாது. அதனால் மாற்றம் நடந்த நிமிஷத்தைக் கண்ணால் கண்டவர் என்று ஒருவரும் இல்லை. முதல் குடத்தோடு வீட்டுக்குள் வந்த அவன் மனைவி ஜெபராணி, கட்டிலில் குப்புறப் படுத்திருந்த புருஷனின் சட்டை விலகி முதுகு துடைத்துவைத்த மாதிரி இருப்பதையும், கட்டிலை ஒட்டிய சுவரில் அதே முதுகின் அகலத்துக்குச் சிவந்து, மேலே வெள்ளிப் பொருக்கு படர்ந்திருப்பதையும் ஒரே பார்வையில் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு இரண்டாவது குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் நின்றுவிட்டால் பிறகு மறுநாள்தான்.

சீலன் பெயிண்டர். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த மிக்கேல்ராஜின் மகன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜெயசீலன். அதைச் சீலன் என்று சுருக்கியது சந்து. சுருக்கியவர்களுக்கு அப்போது இந்தி சரியாக வராது. மும்பையில் சுவர் மழைநீரைக் குடித்து, உப்பி, பொருக்குவிட்டு உதிர்கிறதே, அந்த ஓதத்துக்கு இந்தியில் சீலன் என்று பெயர். ஆக, சுவரிலிருந்து சீலனை எடுக்கிற தொழிலுக்குச் சீலன் என்ற பெயரோடேயே ஒருவன் போய்ச் சேர்ந்தான். செம்பூரில் போனாலும் சுனாபட்டியில் போனாலும் வீட்டுக்காரர்கள், சீலன் வந்துவிட்டான், இனிமேல் சீலன் போய்விடும் என்று சொல்லித் தாங்களே சிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் அந்த வேடிக்கையை முதன்முதலாகத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக நினைத்தார்கள். அவனும் கூலிக்குக் குறைவு வராத அளவுக்குச் சிரித்துவைத்தான்.

அவன் மகள் அனிஷா பிறந்த வருஷம், அவனுக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் இறங்கியது, உடம்பெல்லாம் சாரல் தெறித்தது போலச் சிவப்புப் புள்ளிகள் ஏறின. புள்ளிகள் வட்டமாகி, வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, முழங்கை, முழங்கால், முதுகு, தலை என்று இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. சொறிந்தால் வெள்ளையாகப் பொருக்கு உதிரும். ஒரு வீட்டில் சாரத்தில் நின்று சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கீழே விழுகிறது சுவரா பெயிண்டரா என்று வீட்டுக்காரர் கேட்டார். அதுவரைக்கும் வேடிக்கை. அன்று மத்தியானமே காண்ட்ராக்டர் சுடலைக்கண்ணனுக்கு போன் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொன்னார், அது வேடிக்கை இல்லை.

அதற்குப் பிறகு சீலன் முழுக்கைச் சட்டைக்குள் குடிபோனான். மே மாத வெயிலிலும் கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டான். தூங்கும்போதும் கழற்றவில்லை. ஒட்டாது என்று தெரிந்தும் மனைவி கை மேலே பட்டால் நகர்ந்து படுத்தான். பிள்ளையைத் தூக்கினால் துண்டு போட்டுத் தூக்கினான். ஜெபராணி அறுபதடி ரோட்டில் ஸ்கூல் பை தைக்கிற பட்டறைக்குப் போகிறவள். நாளெல்லாம் முரட்டுத் துணியைத் தொடுகிற கை அது. அந்தக் கைக்கு இந்தப் படை ஒரு பெரிய காரியமா என்று அவள் நேரடியாகவே கேட்டாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். சட்டை இல்லாமல் மனைவி பக்கத்தில் படுக்க வேண்டும், மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சந்தில் நடக்க வேண்டும். அவன் ஆசை அவ்வளவுதான். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு பேர் இருந்தும், கேட்க வாய் வராமல் வருஷங்கள் போயின.

அந்த மேற்குச் சுவர் இரண்டு வீட்டுக்குப் பொது. அந்தப் பக்கம் சுலைகா இருந்தாள். தவாகானா என்கிற முனிசிபல் ஆஸ்பத்திரியின் சார்பில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சலா, இருமலா, பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்றா என்று விசாரிக்கிற வேலை அவளுக்கு. தொழுநோய்க் கணக்கெடுப்புக்காக அவள் வந்து நின்றபோது சீலன் கதவைச் சாத்தப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரியிடம் கதவைச் சாத்தி என்ன ஆகப்போகிறது? அவனைக் கண்ணை மூடச்சொல்லி, பேனா முனையால் படையை அங்கங்கே தொட்டு, எங்கே தொடுகிறேன் என்று கேட்டாள். ஒவ்வோர் இடத்தையும் சரியாகச் சொன்னான். தொடுவது தெரிகிறது, அதனால் இது அந்த நோய் இல்லை என்று கையோடு தவாகானாவுக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த டாக்டர் வந்தனா செம்பூரில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். பொருக்கைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், காலையில் எழுந்தால் விரல் மடக்க வருகிறதா என்று கேட்டாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். இதற்கு சொரியாசிஸ் என்று பெயர் என்றாள். பெயரிலேயே சொறி இருக்கிறதே என்று சந்து பிறகு பேசிக்கொண்டது.

"இது போறதுக்கு இல்லை," என்றாள் டாக்டர். "கூடவே வெச்சுண்டு நன்னா இருக்கறதுக்கு. அதுக்கு வழி இருக்கு."

மனிதக் காது வேண்டாததை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்ளும். முதல் வாக்கியத்தோடு சீலனின் காது அடைத்துவிட்டது. குளித்ததும் துவட்டாமல் ஒற்றி எடுத்து வாஸ்லின் தடவுவது, தார் கலந்த களிம்பு, அதைப் போட வேண்டிய நாள், நிறுத்த வேண்டிய நாள், குடிக்காமல் இருப்பது, தொண்டைவலி வந்தால் உடனே வருவது எல்லாவற்றையும் சுலைகாதான் கேட்டுக்கொண்டு வந்து ஜெபராணிக்குச் சொன்னாள். இரண்டு மாசம் செய்ததில் பாதி அடங்கியது. பாதி எதற்கு என்று அவனுக்குக் கோபம் வந்தது. தேவ்நாரில் ஒருத்தர் ஒரே ஊசியில் எடுத்துவிடுகிறார் என்று சாரத்தில் கூட நின்றவன் சொல்ல, அங்கே போனான். அந்த ஊசிக்காரர் டாக்டர் என்று போர்டில் எழுதியிருக்கவில்லை, ஏனென்றால் போர்டே இல்லை. ஊசியில் என்ன மருந்து என்று கேட்டவர்களுக்கு, குணமாகிற மருந்து என்று பதில் சொன்னார்.

குணம் ஆகத்தான் செய்தது, அதில் பொய் இல்லை. முதல் ஊசிக்கு முழங்கை போனது, அடுத்ததற்கு முழங்கால், அதற்கும் அடுத்ததற்குத் தலை, கடைசியாக அந்தச் செவ்வாய்க்கிழமை முதுகு. சீலன் பனியனைக்கூடக் கழற்றி எறிந்துவிட்டுச் சந்து முனைவரை நடந்து போய்த் திரும்பினான். பார்த்தவர்கள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கிறாய் என்றார்கள். சுடலைக்கண்ணன் வேலைக்குக் கூப்பிட்டார். எங்கே போயிற்று என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. போன வியாதி எங்கே போயிற்று என்று யார்தான் கேட்கிறார்கள்?

வீட்டுச் சுவரை முதலில் ஓதம் என்றுதான் ஜெபராணியும் எடுத்துக்கொண்டாள். மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, இருந்தாலும் மும்பைச் சுவருக்குக் காரணம் தேவையில்லை. ஆனால் ஓதச் சுவர் குளிர்ந்திருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது. பல்லிகள் அந்தச் சுவரைவிட்டு இறங்கி எதிர்ச் சுவருக்குப் போய்விட்டன. தினமும் காலையில் சுவரடியில் மெல்லிய வெள்ளைத் தூள் விழுந்து கிடந்தது, கூட்டி அள்ளினால் கனமே இல்லை. அந்தப் பக்கத்தில் சுலைகாவுக்குச் சுவருக்குள் யாரோ நகத்தால் சொறிகிற சத்தம் கேட்டது. முதலில் எலி என்று நினைத்தாள். எலி இப்படி நிறுத்தி நிதானமாகச் சொறியாது, ஒரு இடத்தைச் சொறிந்து சுகம் கண்டு பெருமூச்சும் விடாது. சுவருக்குக் காது உண்டு என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள், தோலும் உண்டு என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

பிறகு சீலன் பெயிண்ட் அடித்த வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாக போன் வந்தது. சுனாபட்டியில் ஒரு சமையலறையில் முழங்கை அகலத்துக்கு வந்திருந்தது. அணுசக்தி நகர்க் குடியிருப்பில் ஒரு படுக்கையறையின் கூரையோரத்தில், முடிக்குள் பொடுகு படர்கிற மாதிரி வந்திருந்தது. ஆணி அடித்த இடத்தில் புதிதாக முளைத்தது. பிள்ளைகள் ஸ்கேலால் கோடு கிழித்த இடத்தில் கோட்டின் மேலேயே வரிசை பிடித்து வந்தது. நல்ல வெயிலில் ஓதம் எப்படி வரும் என்று எல்லோரும் சண்டை பிடித்தார்கள். செம்பூரில் ஒரு கட்டடத்தின் வாட்ச்மேன் சீலனுக்கு போன் செய்ய, அன்று அதை எடுத்தது ஜெபராணி.

"பாபி, சீலன் தீவார் மே ஹை," என்றான் அவன்.

சுவரில் ஓதம் இருக்கிறது என்பதைத்தான் அவன் இந்தியில் சொன்னான். ஜெபராணிக்கு, சீலன் சுவரில் இருக்கிறான் என்று காதில் விழுந்தது. அவர் வேலைக்குப் போயிருக்கிறார், சுவரில் எதற்கு இருக்கிறார் என்று கோபமாகக் கேட்டுவிட்டு, பிறகு அர்த்தம் புரிந்து வெட்கப்பட்டு போனை வைத்தாள். முப்பது வருஷமாக இந்தி பேசுகிற தமிழச்சிக்கு இப்படி ஒரு சறுக்கல் வரலாமா என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவள் புரிந்துகொண்டதுதான் சரி என்பது தெரிய நான்கு நாள் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து திரும்புகிற வழியில் சீலன் அனிஷாவை முதுகில் ஏற்றிக்கொண்டான். அவளுக்கு எட்டு வயது, முதுகில் ஏறுகிற வயதைத் தாண்டியாயிற்று. ஆனால் அவனுக்கு அது முதல் தடவை. அவன் இரண்டு கையிலும் காய்கறிப் பை. பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவளிடம் ஸ்கூலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே நடந்தான். எதிரே வந்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். சந்துக்குள் திரும்பி, வீட்டு வாசலில் வந்து நின்று, இறங்கு தாயி என்று குனிந்தான். முதுகில் யாரும் இல்லை. சாக்கடை மூடி இடறிய இடத்தில் கை நழுவி விழுந்து, உதடு கிழிந்து, அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே அவள் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தாள். தெருச் சத்தத்தில் அவள் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் கைப்பிடி விட்டதும் அவனுக்குத் தெரியவில்லை, பாரம் குறைந்ததும் தெரியவில்லை. வராத மகளோடு பேசிக்கொண்டே அவன் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான்.

உதட்டில் தையல் போட்டுப் பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு, ஜெபராணி அவனைக் கட்டிலில் உட்காரவைத்து சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவன் முதுகுப் பக்கமாக உட்கார்ந்தாள். சுலைகா பேனாவை வைத்துச் செய்ததை இவள் விரலால் செய்தாள்.

"எங்க தொடுதேன், சொல்லுங்க."

"தொடு, சொல்லுதேன்."

அவள் விரல் அதற்குள் முதுகு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்திருந்தது. அடுத்து உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நகத்தால் கிள்ளினாள். இன்னும் தொடவில்லையா என்று அவன் கேட்டான். அவளுக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். அப்போதுதான் வாட்ச்மேன் போனில் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. சத்தம் போடாமல் எழுந்துபோய் மேற்குச் சுவரில், அந்தச் சிவப்பின் நடுவில், கையை வைத்தாள். சுவர் அவள் கைக்குக் கீழே சிலிர்த்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"இப்பந்தான் தொடுத," என்றான் சீலன்.

அவன் திரும்பிப் பார்த்தபோது இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற தூரம் இருந்தது. இத்தனை வருஷமாக எதற்கு ஏங்கினானோ அது அவனுக்குக் கிடைத்திருந்தது, சுவருக்கும் கிடைத்திருந்தது, ஆளுக்குப் பாதி. தோல் இங்கே, தொடுகை அங்கே. அழகான முதுகை வைத்துக்கொண்டு அவன் அன்று பிள்ளை மாதிரி அழுதான். ஜெபராணி இந்தப் பக்கம் வந்து அவனைக் கட்டிக்கொள்வதா, அந்தப் பக்கமே நின்று சுவரைத் தடவிக்கொடுப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுவரையே தடவிக்கொடுத்தாள், அதுதான் அவனுக்குத் தெரியும் என்பதால்.

மறுநாள் செம்பூர்க் கட்டடத்தில் ஓதம் எடுக்கிறவர்களைக் கூப்பிட்டு மெஷின் வைத்துச் சுவரைத் தேய்த்தார்கள். அதே நேரத்தில் ரொட்டிக் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த சீலன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து துடித்தான். முழங்காலில் ஒரு கீறல் இல்லை. தேய்த்த ஆட்களும் பாதியில் ஓடிவிட்டார்கள். பொருக்கை எடுத்த இடமெல்லாம் சுவர் ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தம் கசிந்தது என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த மெஷினைக்கூட எடுக்காமல் போனார்கள். சுலைகா இனி பேச்சு வேண்டாம் என்று சீலனையும் ஜெபராணியையும் தவாகானாவில் கொண்டுபோய் நிறுத்தினாள். டாக்டர் வந்தனா முழுக்கக் கேட்டாள். ஊசி என்ற வார்த்தை வந்த இடத்தில் மட்டும் அவள் முகம் மாறியது, சுவர் என்ற வார்த்தைக்கு மாறவில்லை. அன்று ஓ.பி. முடிந்ததும் வீட்டுக்கே வந்தாள்.

வந்தவள் மேற்குச் சுவரின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு பொருக்கை மெதுவாகக் கிளப்பிப் பார்த்தாள். அடியில் பொடிப்பொடியாக ரத்தப் புள்ளி அரும்பியது. சீலன் கட்டிலில் உட்கார்ந்தபடி ஸ் என்றான். அவன் உள்ளங்கையைச் சுவரில் வைக்கச்சொல்லி அளந்தாள்; அவனவன் கையகலம் அவனவன் மேனியில் நூற்றில் ஒரு பங்கு, டாக்டர்கள் கணக்கு அது. மேனி வெளியே போயிருந்தாலும் கணக்கு மாறாது என்றாள். சுவரைச் சுரண்டக் கூடாது, சிமெண்ட் பூசக் கூடாது, வெந்நீர் ஊற்றக் கூடாது, காலையும் சாயங்காலமும் வாஸ்லின் தடவ வேண்டும் என்று சொல்லி, சீட்டில் நோயாளி பெயர் ஜெயசீலன், இடம் மேற்குச் சுவர் என்று எழுதிக் கொடுத்தாள். மருந்துக் கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, பெரிய டப்பாவா சின்ன டப்பாவா என்று மட்டும் கேட்டார்.

ஊசியை இனித் தொடக் கூடாது என்றாள் டாக்டர். ஆனால் ஒரேயடியாக விட்டால் உடம்பு தாங்காது, இத்தனை நாள் அமுக்கி வைத்தது மொத்தமும் ஒரு நாளில் கிளம்பி வரும், ஆளையே கொண்டுபோய்விடும். அதனால் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்து, மாத்திரை கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைக்கக் குறைக்கப் படை திரும்பும். வேண்டுமா என்று அவனையே கேட்டாள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது உடம்பைப் பற்றிச் சொன்ன பழமொழி. அதை இவ்வளவு நேராக எடுத்துக்கொள்ள வேண்டிவரும் என்று டாக்டரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சீலன் யோசிக்கவில்லை. தையல் போட்ட உதட்டோடு கதவோரம் நின்ற அனிஷாவைப் பார்த்தான்.

"வரட்டும். என் தோலு எனக்கு வேணும்."

மாத்திரை குறையத் தொடங்கிய வாரத்தில் அவன் வெற்று முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு தூங்கினான். விடிந்தபோது சுவர் பாதி வெளுத்திருந்தது, முதுகு பாதி சிவந்திருந்தது. நான்கு நாளில் சுவர் சுத்தம்; பல்லிகள் திரும்பி வந்தன. அந்தச் சொறிகிற சத்தம் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகச் சுலைகா நிம்மதியாகத் தூங்கினாள். அதற்குப் பிறகு வீடு வீடாகப் போனான். அணுசக்தி நகருக்குள் நுழைய கேட்டில் பாஸ் வாங்கவே ஒரு வாரம் ஆனது. அந்த வீட்டுக்காரர் ஏதோ கருவியெல்லாம் வைத்துச் சுவரைச் சோதித்து, அதில் ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டியிருந்தார். ஒன்றும் இல்லாததை எடுத்துக்கொண்டு போவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஏணியில் ஏறி, கூரையோரத்தில் தலையைச் சாய்த்து, சீலன் தன் தலையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். செம்பூரில் தேய்த்த சுவரை வாங்கியபோது வலியில் உயிர் போயிற்று. பெயிண்டர் சட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்க்கப் பக்கத்து வீட்டு ஆட்கள் வந்தார்கள், சிலர் முகத்தைச் சுளித்தார்கள். அவன் சட்டையைத் தேடவில்லை. திரும்பி வந்த ஒவ்வோர் இடத்திலும் காற்று படுவது தெரிந்தது, ஃபேன் சுற்றுவது தெரிந்தது, அதுவே அவனுக்குப் போதும் என்று இருந்தது.

இப்போது ஜெபராணி தினமும் சாயங்காலம் அவன் முதுகுக்குக் களிம்பு போட்டாள். அவன் நகரவில்லை. அனிஷா ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இது வலிக்குமா என்று கேட்டு, விரலால் ஒரு வட்டத்தைச் சுற்றி வரைந்தாள். சீலனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் தோளுக்கு நடுவில் ஒரு கையகலம் மட்டும் இன்னும் வழவழப்பாகவே இருந்தது. அங்கே ஜெபராணி கை பட்டால் அவனுக்குத் தெரியவில்லை. எந்த வீட்டில் அது இருக்கிறது என்று யோசித்து, புகார் சொல்லி போனே வராத ஒரே வீடு மாட்டுங்காவில் என்று கண்டுபிடித்தான்.

அது வாலாம்பாளின் வீடு. புருஷன் போய், மகன் அனந்த் அமெரிக்காவில் இருக்க, பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருந்த அம்மாள். சீலனும் ஜெபராணியும் அனிஷாவைக் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனார்கள். ஹாலில் காலண்டரைக் கழற்றிய இடத்தில் சீலனின் கையகலத்துக்கு அது இருந்தது, பொருக்கே இல்லாமல், எண்ணெய் பளபளக்க, லேசான ரோஜா நிறத்தில். அவன் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் குறுக்கிடவில்லை. அது ஓதம் இல்லை என்று அவளுக்கு முதல் நாளே தெரியும். தொட்டால் சூடாக இருந்தது, தொட்டதும் அடங்கியது. விளக்கேற்றியதும் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறாள். தடவும்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். அனந்துக்கு போன் செய்தால் அவன் அவசரமாகக் கேட்பான், இது அவசரப்படாமல் கேட்கிறது.

"நீ எடுத்துண்டு போயிட்டா நான் சாயங்காலம் யாரைத் தொடறது, சீலா?" என்று கேட்டாள்.

சீலன் சட்டைப் பித்தானில் வைத்த கையை எடுத்துக்கொண்டான். ஜெபராணியைப் பார்த்தான். ஜெபராணிக்குச் சட்டென்று ஒரு பொறாமை வந்தது, வராமல் இருக்குமா? வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய முதுகு. ஆனால் தொடுவதற்கு ஆளில்லாமல் இருப்பது என்னவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஹாலில் இல்லை. இருக்கட்டும் அம்மா, அந்த ஒரு கையகலம் உங்களுக்கு, மிச்சம் எனக்கு என்றாள். காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்கள். டாக்டர் வந்தனாவிடம் சொன்னபோது, எண்ணெயும் களிம்பும் ஒன்றாகக் கலக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. படை ஏறுகிற மாசமும் உண்டு, அடங்குகிற மாசமும் உண்டு. தொண்டை கட்டினால் உடனே தவாகானாவுக்குப் போனார்கள். வேலை கொடுக்காதவர்கள் கொடுக்கவில்லை, கொடுத்தவர்கள் கொடுத்தார்கள். அவன் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு சாரத்தில் ஏறினான். விளக்கேற்றுகிற நேரம் வந்தால் எங்கே நின்றாலும் ஒரு நிமிஷம் கையிலிருக்கும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் நிற்பான். கூட வேலை செய்தவர்கள் ஜெபம் செய்கிறான் என்று நினைத்தார்கள்.

மார்கழியில் வாலாம்பாள் இறந்துபோனாள். தூக்கத்தில் போனதாகச் சொன்னார்கள். அனந்த் வந்து காரியங்களை முடித்து, வீட்டைப் பூட்டிவிட்டுப் போனான். கட்டடம் இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள், மற்றவர்கள் ஏற்கெனவே காலி செய்தாயிற்று. செய்தி தெரிந்து சீலன் ஓடியபோது தகர வேலி அடைத்திருந்தது, உள்ளே விட மறுத்துவிட்டார்கள். செம்பூரில் சுவரைத் தேய்த்ததற்கே தரையில் விழுந்தவன், சுவரையே இடித்தால் என்ன ஆவான்? இடிக்கிற அன்று காலையிலிருந்தே அவனைத் தவாகானாவில் படுக்கவைத்து, ஒரு பக்கம் ஜெபராணியும் ஒரு பக்கம் அனிஷாவும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வந்தனா ஓ.பி.யை நடுவில் விட்டுவிட்டு அடிக்கடி வந்து நாடி பார்த்தாள். மத்தியானம் மாட்டுங்காவிலிருந்து, இரண்டாம் மாடி விழுந்துவிட்டது என்று போன் வந்தது. சீலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலியும் இல்லை, வேறெதுவும் இல்லை. போய்விட்டது போலிருக்கிறது என்றான். அந்த அம்மாள் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது.

வீட்டுக்குத் திரும்பி, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஜெபராணி களிம்பு டப்பாவைத் திறந்தாள். சீலன் கையை உயர்த்தி, பொறு என்றான். தோளுக்கு நடுவில் ஒரு கை வந்து படிந்தது. மெதுவாக வட்டம் வட்டமாகத் தேய்த்தது, ஓர் இடத்தில் நின்றது, சொல்லிக்கொண்டிருந்ததில் ஏதோ மறந்துபோய் யோசிப்பது போல, பிறகு மறுபடி தேய்த்தது. ஜெபராணி கையில் களிம்போடு பார்த்துக்கொண்டே இருந்தாள். அவன் முதுகில் அந்த ஒரு கையகலம் கொஞ்சம் கொஞ்சமாக மினுமினுத்தது, வீடு முழுக்கத் தேங்காயெண்ணெய் வாசம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அது தவறவில்லை. அது முடிகிறவரை ஜெபராணி காத்திருக்கிறாள். முடிந்ததும் பழைய துணியால் அந்த எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, டாக்டர் கலக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், சுற்றிலும் தன் களிம்பைப் போட ஆரம்பிக்கிறாள்.